மலை ஏறும் ஜீப்புக்கு கியர் பெட்டி மாற்றப் போகிறீர்களா? கையோடு வைத்துக்கொள்ள சில குறிப்புகள்

போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற வீட்டுக்கு டீசல் ஜீப் என்பது ஆடம்பரம் அல்ல, மண்வெட்டி போல ஒரு சாமான். பழைய எம்.எம்.540, கமாண்டர், மேஜர், கொஞ்சம் வசதி வந்த வீட்டில் தார். முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, அதற்கப்புறம் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று தோட்டங்கள். தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்துதான் ஜீப்புக்கு உண்மையான வேலை.

இந்த வண்டி ஏதாவது மக்கர் செய்தால் முதல் பழி கியர் பெட்டி மேல்தான் விழும். பல சமயம் குற்றவாளி வேறு ஆள். உண்மையிலேயே பெட்டி போயிருந்தால், எதை வாங்கி எப்படி மாட்டுவது என்ற இடத்தில் பணம் கரையும்.

1. கியர் போடும்போது கரகரவென்று கத்துகிறதா? எந்தக் கியருக்குக் கத்துகிறது என்று முதலில் கவனியுங்கள். ஒரே ஒரு கியருக்கு மட்டும் என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. எல்லாக் கியருக்கும் கத்தினால் சந்தேகப்பட வேண்டியது கிளட்ச். நின்ற வண்டியில் என்ஜினை ஓடவிட்டு, பெடலை அடிவரை மிதித்து, நாலைந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் பல் உரசினால் கிளட்ச் முழுசாக விடவில்லை. அது கேபிளோ, லிங்க் கம்பியோ, ஆயில் சிலிண்டரோ, பிளேட்டோ ஆக இருக்கலாம். பெட்டியை இறக்காமலே பாதியைச் சரிசெய்துவிட முடியும். ஒரு விதிவிலக்கு: பழைய மூன்று கியர் ஜீப்பில் முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. ஓடுகிற வண்டியில் அதைப் போட்டால் கத்தத்தான் செய்யும்.

2. சத்தத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

நியூட்ரலில் இரைச்சல், கிளட்சை மிதித்ததும் அடங்குகிறது என்றால் உள் ஷாஃப்ட் (டாப் ஷாஃப்ட்) அல்லது லே ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போதுதான் இரைச்சல் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங் அல்லது ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் புஷ். எல்லாக் கியரிலும் ஊளையிட்டு, நேர்க்கியரில் மட்டும் அமைதியானால் லே ஷாஃப்ட்டில் கோளாறு. நேர்க்கியர் என்பது மூன்று கியர் பெட்டியில் மூன்றாவது, ஐந்து கியர் பெட்டியில் பெரும்பாலும் நாலாவது. அந்தக் கியரில் விசை பல் வழியாகப் போகாமல் நேராகப் போய்விடுகிறது, அதனால்தான் அந்த அமைதி.

பட்டறையில் "அண்ணே, சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். "நியூட்ரல்ல வருது, மிதிச்சா நிக்குது" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறும்.

3. ஆயிலை வடித்துப் பாருங்கள். இது செலவில்லாத சோதனை, ஆனால் செய்பவர்கள் குறைவு. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி சூடேற்றி, அகலமான தட்டில் ஆயிலை வடியுங்கள். ஒரு கரண்டி அளவு எடுத்து வெள்ளை பனியன் துணியில் ஊற்றி வெயிலில் பிடியுங்கள். பொடிப்பொடியாகத் தங்க மினுக்கு தெரிந்தால் பித்தளை, சிங்க்ரோ வளையம் கரைகிறது. அது வயது, அவசரமில்லை. வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைத் தேயுங்கள். மை போன்ற சாம்பல் பசை வழக்கமானது. நகத்தால் தட்டினால் சத்தம் போடும் செதில்கள் இருந்தால் பல் உடைகிறது, அந்தப் பெட்டியோடு மலை ஏற வேண்டாம். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறங்கிய வண்டிகளிலும், மேல் பக்கம் உள்ள மூச்சுக்குழாய் தொப்பி தொலைந்த வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம்.

வேட்டித் துணி வேண்டாம். நூல் பிரிந்து ஆயிலில் கலந்துவிடும்.

4. இறக்கத்தில் கியர் கழன்று நியூட்ரலில் விழுகிறதா? மற்றக் கோளாறுகளுக்கு ஒரு வாரம் பொறுக்கலாம், இதற்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது. மெட்டிலிருந்து போடிக்கு இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டுமல்ல, இரண்டாம் கியரில் என்ஜின் கொடுக்கும் பிடியும்தான். வளைவுக்கு நடுவில் அந்தப் பிடி விட்டால், சூடேறிய பிரேக்கை நம்பி மொத்த எடையும் நிற்கும். காரணங்கள் பல: கியர் நாய்ப்பல்லின் ஓரம் மழுங்கியிருக்கலாம், செலக்டர் கம்பியின் ஸ்பிரிங்கும் குண்டும் சோர்ந்திருக்கலாம், மெயின் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடலாம். ஸ்பிரிங்கும் குண்டும் சில்லறைச் செலவு. மற்ற இரண்டுக்கும் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். கியர் கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்குவதை வைத்தியம் என்று நினைக்கிற டிரைவர்கள் மலையில் உண்டு. அந்த அழுத்தம் செலக்டர் ஃபோர்க்கையும் சேர்த்துத் தின்னும்.

5. அதே குறை சில வண்டிகளில் ரப்பர் மவுண்ட் கிழிந்ததாலும் வரும். பெட்டிக்கு அடியில் உள்ள கிராஸ் மெம்பரின் மேல் கை வைத்து, ஒருவரை ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்கச் சொல்லுங்கள். பெட்டி துள்ளினால் முதலில் மவுண்ட்டை மாற்றுங்கள்.

6. இனி எதை வாங்குவது என்ற கேள்வி. இதற்குப் பதில் கியர் பெட்டியில் இல்லை, என்ஜினில் இருக்கிறது.

மகிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியபோது அது பெட்ரோல் வண்டி. அதன் மூன்று கியர் டி-90 பெட்டி பெட்ரோல் என்ஜினை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. பிறகு டீசல் வந்தது. இன்டர்நேஷனல் டிராக்டர் வழிவந்த என்ஜின், அதற்கப்புறம் 2112 சி.சி. பியூஜோ எக்ஸ்.டி.பி., பிறகு 2523 சி.சி. டி.ஐ., கடைசியில் பழைய தாரின் 2498 சி.சி. சி.ஆர்.டி.இ. முறுக்கு விசையைப் பாருங்கள். எக்ஸ்.டி.பி. சுமார் 120 நியூட்டன் மீட்டர். பொலீரோவில் வந்த டி.ஐ. 180. சி.ஆர்.டி.இ. 247. ஒரே முகம் வைத்த ஜீப், உள்ளே இரண்டு மடங்கு முறுக்கு.

நம் ஊரில் பெட்டிகள் போவதற்கு முக்கியமான காரணம் இதுதான். எக்ஸ்.டி.பி. என்ஜின் தளர்ந்ததும் "இழுவை பத்தல" என்று டி.ஐ. என்ஜினை மாட்டுவார்கள். பெட்டி பழையதாகவே இருக்கும். வண்டி சந்தோஷமாக மெட்டு ஏறும். ஒரு சீசன் கழித்து லே ஷாஃப்ட் பேரிங் பாடத் தொடங்கும். உடனே "இந்தக் கம்பெனி பெட்டியே வீக்" என்ற தீர்ப்பு. பெட்டி வீக் இல்லை, அதன் தலையில் ஏற்றிய சுமை அதிகம்.

ஆகவே: என்ஜின் கம்பெனி கொடுத்ததே என்றால், அதே வகைப் பெட்டியைப் புதுப் பேரிங், புது சிங்க்ரோ போட்டுக் கட்டுங்கள். என்ஜினை மாற்றியிருந்தால் மட்டும், அந்த என்ஜினோடு கம்பெனியிலிருந்து வந்த பெட்டியைத் தேடுங்கள். "எந்த வண்டில இருந்து வந்தது, அதுல என்ன என்ஜின்" என்ற கேள்விக்குப் பதில் தெரியாத பெட்டியை வாங்க வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

7. இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. நம் ஊர் மகிந்திரா வண்டிகளில் பலருக்குத் தெரிந்த பி.ஏ.10 பெட்டி பியூஜோவின் வடிவமைப்பு. அதன் உறவான பி.ஏ.10/5-ஐ 1987-லிருந்து அங்குள்ள ஜீப் செரோக்கியிலும் ராங்ளரிலும் பெரிய ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினோடு பூட்டினார்கள். செரோக்கியின் 4 லிட்டர் என்ஜினின் முறுக்கு சுமார் 300 நியூட்டன் மீட்டர். பெட்டி தாங்கவில்லை, பெயர் கெட்டது, 1989 நடுவில் அதை நிறுத்திவிட்டு ஐசின் ஏ.எக்ஸ்.15 பெட்டிக்கு மாறினார்கள். அதே குடும்பத்துப் பெட்டி இங்கே சிறிய எக்ஸ்.டி.பி. டீசலுக்குப் பின்னால் வருஷக்கணக்காக உழைத்தது. "அமெரிக்கால அது ஃபெயிலு" என்று யாராவது சொன்னால் எந்த என்ஜினோடு என்று கேளுங்கள்.

அந்தப் பெட்டியில் ஒரு குணம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் அலுமினிய உடல் நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிளந்து சேர்வது. பசை சரியாகத் தடவாமல் மூடினால் அந்தக் கோட்டில் ஆயில் கசியும். கட்டி முடித்த மறுநாள் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பாருங்கள்.

8. ஏற்றத்துக்கான கணக்கு ஒன்று. பேனா போதும்.

முதல் கியர் விகிதம் × டிரான்ஸ்ஃபர் லோ விகிதம் × கிரவுன் விகிதம். பழைய மூன்று கியர் ஜீப்பில் 2.80 × 2.46 × 5.38 = 37. அதாவது என்ஜின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. முதல் கியர் 4 என்று இருக்கும் நாலு கியர் பெட்டியை அதே இடத்தில் வைத்தால் கணக்கு 53-க்குப் போகிறது. என்ஜின் நிமிஷத்துக்கு 1000 சுற்றில் ஓடும்போது முதல் வண்டி மணிக்கு ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், இரண்டாவது 2.6. நடப்பவரைவிட மெதுவாக ஊர்ந்து ஏறும்போது கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தோட்டத்துக்குள் கல்லுப் பாதை உள்ளவர்களுக்கு ஐந்தாவது கியர் இருக்கிறதா என்பதைவிட முதல் கியரின் எண் முக்கியம். விற்பவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

9. 6.00-16 டயரைக் கழற்றிவிட்டு அழகுக்காக 7.50-16 போட்டவர்கள் மேலே போட்ட விகிதக் கணக்கிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் கழித்துக்கொள்ளவும்.

10. வேலைக்கு நாள் பார்ப்பது. காய் பறிப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடித்து மாசி வரை இழுக்கும். ஒரு கிலோ காய்ந்த ஏலக்காய்க்கு நாலைந்து கிலோ பச்சைக்காயைக் காய வைக்கும் ஸ்டோருக்கு இழுக்க வேண்டும், விறகு தனி. அந்த மாதங்களில் ஜீப்பைப் பட்டறையில் படுக்க வைக்க முடியாது. பங்குனி, சித்திரையில் செய்துவிடுங்கள். ஐப்பசி மழையில் போடிமெட்டுச் சாலையில் பாறை உருண்டு வழி அடைபடும் காலமும் வந்தால், பாகம் வரவழைப்பதே பெரும்பாடு.

11. பழைய பெட்டி வாங்கினால், அது மதுரையோ, சென்னை புதுப்பேட்டையோ, எங்கே வாங்கினாலும் மேல் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பல்லின் ஓரங்கள் கூராக இருக்கின்றனவா, நாய்ப்பல் மழுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உள் ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் இயல்பு, கடகடத்தால் விலகிவிடுங்கள். மூடியின் போல்ட் தலைகளில் புதுச் சாவித் தடம் பளபளக்கிறதா, கேஸ்கெட் பசை புதுசா என்பதும் நிறையச் சொல்லும். பெயின்ட் அடித்த பெட்டியை நான் வாங்க மாட்டேன். எதை மறைக்க அடித்தார்களோ.

12. டூ வீல் வண்டியின் பெட்டி ஃபோர் வீல் வண்டிக்கு அப்படியே சேராது. பொலீரோக்களில் பெரும்பாலானவை டூ வீல், ஆகவே சந்தையில் மலிவாகக் கிடைப்பதும் அதுதான். அதன் வால் நீளமாக நேரே புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்குப் போகிறது. நமக்கோ பின்னால் டிரான்ஸ்ஃபர் பெட்டி உட்கார வேண்டும். மெயின் ஷாஃப்ட்டும் வால் ஹவுசிங்கும் வேறு. வாங்கிவிட்டு வந்து "லேத்துல ஒரு வேலை பண்ணிக்கலாம்" என்று தொடங்கினால் மிச்சம் பிடித்த பணம் லேத் பட்டறைக்குப் போகும்.

13. வாங்கும் முன் அளந்துகொள்ள வேண்டியவை: உள் ஷாஃப்ட்டின் வரிப்பல் எண்ணிக்கையும் தடிமனும் (கிளட்ச் பிளேட்டோடு ஒத்துப்போக வேண்டும்), அதன் மூக்கின் தடிமன் (பைலட் புஷ்ஷில் நுழைய வேண்டும்), பெல் ஹவுசிங் துளைகள், மொத்த நீளம், கியர் கம்பி வெளிவரும் இடம், ஸ்பீடோ கேபிள் வாய். நீளம் மாறினால் முன்னும் பின்னும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் மாறும், ஒன்றைக் குறைத்து மற்றதை நீட்ட வேண்டிவரும். அப்படிச் செய்தால் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

14. வேறு என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் தட்டு செய்து பூட்டுவதாக இருந்தால், தட்டின் நடுத்துளை கிராங்க் ஷாஃப்ட்டோடு ஒரே மையத்தில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கண் பார்வையில் சரியாகத் தெரியும். மயிரிழை விலகினாலும் உள் ஷாஃப்ட் பேரிங் மாதக்கணக்கில் தேய்ந்து போகும், அப்போது பழி மறுபடியும் பெட்டி மேல். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலை வேண்டாம்.

15. இறக்கும்போது: சக்கரத்துக்குக் கட்டை, பேட்டரி ஒயர் கழற்றல், ஆயில் வடித்தல், புரொப்பல்லர் ஃப்ளாஞ்சில் சுண்ணாம்புக் குறி. டிரான்ஸ்ஃபரோடு சேர்ந்த பெட்டியை இரண்டு ஆள் தூக்கிவிடலாம் என்று யாராவது தோள் கொடுத்தால் விடாதீர்கள், ஜாக்கி வைக்க வேண்டும். பெட்டியின் எடை ஒரு நிமிஷம் உள் ஷாஃப்ட்டில் தொங்கினாலும் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி கோணும்.

16. கழற்றிய போல்ட்டுகளை ஒரே டப்பாவில் போடாதீர்கள். பழைய அட்டைப்பெட்டி மேல் பெல் ஹவுசிங்கை வட்டமாக வரைந்து, எந்தத் துளையில் எடுத்தார்களோ அந்த இடத்தில் அட்டையில் குத்தி வைக்கச் சொல்லுங்கள். நீள போல்ட் குட்டைத் துளையில் போனால் அலுமினிய உடல் விரியும்.

17. பெட்டி கீழே இருக்கும்போதே பார்த்துவிட வேண்டியவை: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் புஷ், கிராங்க்கின் பின் ஆயில் சீல். இதில் சிக்கனம் பார்த்து ரிலீஸ் பேரிங்கை மட்டும் பழையதாக விட்டவர்கள், அந்த ஒரு பேரிங்குக்காக முழுக் கூலியையும் மறுபடி கொடுத்திருக்கிறார்கள்.

18. பிளேட்டை நடுவில் உட்கார வைக்கத் தனிக் கருவி இல்லையா? பழைய பெட்டியின் உள் ஷாஃப்ட்டையே நுழைத்து மையம் பார்த்து பிரஷர் பிளேட்டை இறுக்கலாம். இரண்டு நீள போல்ட்டின் தலையை அறுத்துவிட்டு, பெல் ஹவுசிங்கின் எதிரெதிர்த் துளைகளில் வழிகாட்டியாகத் திருகினால் பெட்டி அதன் மேல் வழுக்கி உள்ளே போகும். கடைசி அரை அங்குலம் போகவில்லை என்றால் கியரில் போட்டு, பின் ஃப்ளாஞ்சைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். வரிப்பல் கோர்த்ததும் தானாகப் போய் உட்காரும். போல்ட்டை இறுக்கி இழுத்து உட்கார வைக்கிற கையைத் தடுத்துவிடுங்கள். ஹவுசிங்கின் காது அப்படித்தான் உடைகிறது.

19. ஆயில்: பித்தளை சிங்க்ரோ உள்ள பெட்டிக்கு ஜி.எல்.4 கேட்டிருக்கிறது என்றால் அதையே ஊற்றுங்கள். கிரவுனுக்கு வாங்கிய ஜி.எல்.5 மீதி இருக்கிறது என்று இதில் கவிழ்க்க வேண்டாம், அதில் உள்ள கூடுதல் கந்தக மருந்து சில வகைப் பித்தளையைத் தின்னும். கம்பெனிப் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுவே கடைசி வார்த்தை. பழைய ஜீப்பில் கியர் பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் நடுவே ஆயில் கைமாறுவதும் உண்டு. ஒன்றில் அளவு குறைந்தால் இன்னொன்றைத் திறந்து பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

20. காகிதம். ஆர்.சி.யில் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்கும், கியர் பெட்டிக்கு எண் பதிவு கிடையாது. ஆகவே அதே வகைப் பெட்டியை மாற்றுவது பழுதுபார்ப்புதான். என்ஜினையும் சேர்த்து மாற்றினால் கதை வேறு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வரும், தேனி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி வேண்டும். டி.என்.60 வண்டி தினமும் கேரளாவுக்குள் போய் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். அங்கே மாற்றம் செய்த வண்டிகளை விடாமல் பிடிப்பார்கள். பெட்டி வாங்கிய பில்லை வண்டியிலேயே வைத்திருங்கள்.

21. கட்டின பெட்டிக்கு முதல் 500 கிலோமீட்டர் வரை பாரம் வேண்டாம். அது முடிந்ததும் ஆயிலை வடித்து மூன்றாம் குறிப்பின் சோதனையைச் செய்து புது ஆயில் ஊற்றுங்கள். புதுப் பாகம் பழகும்போது கொஞ்சம் பொடி வரும், அது அடுத்த ஆயிலில் தங்கக்கூடாது.

22. டிரைவரிடம் சொல்லி வைக்க: ஏற்றத்தில் ஐந்தாம் கியர் வேண்டாம். என்ஜின் திணறத் தொடங்கும் முன்பே கியர் இறக்கவும். கல்லுப் பாதை முடிந்து தார் ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிடவும், காய்ந்த தாரில் முன்னும் பின்னும் இறுகி டிரான்ஸ்ஃபர் பல் முறுக்கிக்கொள்ளும், கம்பி எடுபடவில்லை என்றால் ரிவர்ஸில் ஓரடி போனால் விடும். இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. ஆர்.சி.யில் எழுதிய இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றக்கூடாது. கூலியாட்களைப் பின்படியில் தொங்கவிட்டு ஏறும் ஜீப்புகள் இந்த மலையில் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன, பெட்டிக்கு ஆகும் கேடு அதற்கு அப்புறம்தான். வண்டியில் ஒரு லிட்டர் கியர் ஆயில், வடிகால் போல்ட்டுக்கான சாவி, ஒரு துண்டு பனியன் துணி இருக்கட்டும்.